அம்மா சைடு

சித்தார்த்தின் அம்மா மாலதி இருந்தவரைக்கும், கடலூர் செம்மண்டலத்து வீட்டின் மொட்டைமாடியில் சாயங்காலமானால் எல்லாரும் ஷட்டில் ஆடியே தீரவேண்டும். விருந்தாளி வந்தால் காப்பிக்கு முன்னால் பேட்டைக் கையில் கொடுத்துவிடுவாள். அம்மாவும் அப்பா ராஜவேலும் ஒரு கட்சி. சித்தார்த்தும் அக்கா சிந்துஜாவும் எதிர்க்கட்சி. இடது பாதி அம்மாவுடையது. அதில் அப்பா கால் வைத்தால் தொலைந்தார்.

"என் சைடுக்கு ஏன் வர்றீங்க? நான் என்ன செத்தா பூட்டேன்?"

ஐப்பசியில் செத்துப்போனாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், தை பிறந்தும் எழுந்திருக்கவில்லை. சுகர் மட்டும் சுறுசுறுப்பாக ஏறியது. சிதம்பரத்து டாக்டர், "ஓடியாடலன்னா காலுக்கு நான் பொறுப்பில்ல சார்" என்று, அந்தக் காலை ஏற்கெனவே பாதி எடுத்துவிட்டவர் போலப் பார்த்தார். பஸ் கடலூர் வந்து சேருமுன்பே சிந்துஜா சொல்லிவிட்டாள்: "வலையக் கட்டுடா."

கட்டினான். அப்பா வலது பாதியில் போய் நின்றார். அதோடு சரி. அவரை ஓடவைக்க சித்தார்த் வேண்டுமென்றே இடது பக்கம் அடித்தான்.

"எடுப்பா!"

"அது உங்கம்மா சைடுடா."

சொல்லி முடிப்பதற்குள் அந்தக் காலிப் பக்கத்திலிருந்து ஷட்டில் காக் திரும்பி வந்தது.

கடல்காத்து என்றான் சித்தார்த். கடல்காத்து இப்படிப் பூப்போலத் தூக்கி வலையோரம் போடாது என்று அவனுக்கும் தெரியும். அம்மா போடுவாள். மறுநாள் எதிர்வீட்டுக் கொடியில் லுங்கி அசையாமல் தொங்கியது, காக் வந்தது. சிந்துஜா ஒரு அடி பின்னால் போனாள். ஆனாலும் "அவுட்டு!" என்றாள்.

"லைன்ல விழுந்துச்சுடி" என்று செத்தவளுக்காக வாதாடினார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு. தினமும் அவுங்க கட்சிதான் ஜெயித்தது.

சுகர் இறங்கவில்லை. டாக்டர் அப்பாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்: "தெனம் ஆடுறாருன்னு சொன்னீங்களே?"

"ஆடுறாரு சார்" என்றான் சித்தார்த். ஓடுவது வேறு ஆள் என்பதை எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலம் அவன் வலையோரம் போய், காலி இடத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "எம்மா, நீ எடுக்காத. அப்பா ஓடணும்."

"அவகிட்ட என்னடா சொன்ன?" என்றார் அப்பா.

சித்தார்த் இடது பக்கம் அடித்தான். காக் தரையில் விழுந்தது.

"மாலதி?"

யாரும் எடுக்கவில்லை. இன்னொன்று அடித்தான். அதுவும் விழுந்து கிடந்தது. சிந்துஜா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்ததற்கு அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். எட்டவில்லை. குனிந்து எடுக்கும்போது தோள் குலுங்கியது.

"போடுடா" என்றார், மூச்சு வாங்க. "தூரமாப் போடு."