முத்திரை குத்திய எடை

1.

ஒத்துக்கொள்கிறேன்: இந்தக் கதை எனக்கு ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடைத்தது. நான் அங்கே எதற்குப் போனேன் என்பது இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மரணம் அவரை எடைபோட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில்..." (அடித்துவிட்டேன். எனக்கே கூசியது.)

2.

கதாநாயகர் முத்திரை ஆய்வாளர். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது வேலை. நூறு கிராம் குறைந்தாலும் கறிக்கடைக்காரரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். அவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். இரண்டு மாதம் முன்பு மருத்துவர் பட்டென்று சொல்லிவிட்டார்.

"கொழுப்பு ஜாஸ்தியா இருந்தா ஆபரேஷன் பண்றதே சிரமம். அப்புறம் சிறுநீரை அடக்க முடியாம ரொம்ப நாள் அவதிப்படலாம். உங்களுக்கு இது மெதுவா வளர்ற வகைதான், ரெண்டு மாசம் டைம் இருக்கு. தொண்ணூத்தஞ்சு கிலோவுக்கு வாங்க."

கத்தியைவிட, அலுவலக நாற்காலியை நனைத்துவிடுவோமோ என்பதுதான் அவர் பயம். ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு விட்டார். [இங்கே அவருடைய வைராக்கியத்தைப் புகழ்ந்து ஒரு பத்தி இருந்தது. பிஸ்கட் தின்றுகொண்டே எழுதியதால் எடுத்துவிட்டேன்.]

3.

இன்று எடை மிஷினின் முள் தொண்ணூற்றாறில் நின்றது.

"ஒரு கிலோதானே சார், டாக்டர் ஒண்ணும் சொல்லமாட்டார்" என்றார் நர்ஸ்.

"மிஷின் தப்பு" என்றார் இவர்.

"ஏங்க, பேசாம வாங்களேன்" என்றார் மனைவி.

கேட்கிற ஆளா? டிரைவரை அனுப்பி ஜீப்பிலிருந்து இருபது கிலோ எடைக்கல் இரண்டைக் கொண்டுவரச் செய்தார். ஒன்றை வைத்தால் முள் பதினாறு காட்டியது. இரண்டையும் வைத்தால் முப்பத்தாறு. மிஷின் தப்புதான். நான்கு கிலோ குறைத்துக் காட்டுகிறது.* அப்படியென்றால் இவர் நூறு.

குனிந்து முத்திரையைப் பார்த்தார். இந்த வருடத்து முத்திரை, இவர் குத்தியது. அன்று கல்லை இறக்கச் சோம்பல்பட்டு, டீ குடித்த கையோடு குத்திவிட்டுப் போனது ஞாபகம் வந்தது.

"என்னங்க காட்டுது?" என்றார் மனைவி. இவர் கற்களை மிஷினிலிருந்து இறக்கினார்.

* மயக்க மருந்தின் அளவையும் இந்த முள்ளைப் பார்த்துத்தான் எழுதுகிறார்களாம். இதை வேடிக்கையாகச் சொல்ல மூன்று தடவை முயன்றேன். வரவில்லை.

4.

உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும், விசாரணையும் வரும். சொல்லாமல் போய்ப் படுத்தால்... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.) எழுத்தாளன்தானே, அந்த நான்கு கிலோவை ஒரே கோட்டில் அடித்தும் பார்த்தேன். தாளில் இளைத்தார். வயிறு அப்படியேதான் இருந்தது.

நான் ஏன் அந்தப் பெஞ்சில் இருந்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. அதே வியாதி, அதே மருத்துவர். இவருக்கு முன்னால் அந்த மிஷினில் ஏறி இறங்கியவன் நான். எனக்கு விதித்தது தொண்ணூறு, முள் காட்டியது எண்பத்தெட்டு; நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். நாளைக்கு எனக்கு ஆபரேஷன். வீட்டுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டும் ஆகிவிட்டது.

இவர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

அந்த இடத்தில் பேனாவை மூடியவன் நான்தான். அவரைப் பேச விடலாமா என்று நீங்களே சொல்லுங்கள். இதில் நியாயம் பேச எனக்கு வாயில்லை.