யூனுஸ் பாயின் நன்றியுரை

எங்கள் வர்த்தகர் சங்கத்துக்கு ஒரு மாத மடல் உண்டு. நாலே பக்கம். அதற்கு ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர், அச்சடிப்பவர், கடை கடையாக ஏறிக் கொடுத்துவிட்டு வருபவர் எல்லாம் நான்தான். பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினம் போகிற சாலையில் ஸ்ரீவித்யா ஜெராக்ஸ் என்று ஒரு கடை வைத்த பாவத்துக்கு எனக்கு இந்தத் தண்டனை.

முதல் பக்கத்தில் சங்கத் தலைவர் குஞ்சிதபாதத்தின் படம் இருக்கும். பாத்திரக் கடைக்காரர். படம் சின்னதாகிவிட்டால் அந்த மாதம் அவருடைய ஜெராக்ஸ் எல்லாம் வேறு கடைக்குப் போய்விடும். இரண்டாம் பக்கம் செய்திகள். பரிதி மொபைல்ஸ் எதிர்வரிசைக்கு மாறியது, தௌபீக் ஸ்வீட்ஸில் ஏசி போட்டது, பத்து நாளில் அது நின்றுபோனது, இப்படி. மூன்றாம் பக்கம் வரும் நிகழ்ச்சிகள். உரிமம் புதுப்பிக்கும் முகாம், கண் சிகிச்சை முகாம், கடைத் திறப்பு விழா, மாதாந்திர மின்தடை. இதில் ஊர் படிப்பது மின்தடையை மட்டும்தான். ஒரு மாதம் அதைப் போட மறந்துவிட்டேன். சங்கத்துக்கு ஒரு மடல் வருகிறது என்பதே அந்த மாதம்தான் பல பேருக்குத் தெரியவந்தது. எல்லோரும் திட்ட வந்தார்கள்.

போன வருஷம் ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயார் செய்துகொண்டிருந்தபோது யூனுஸ் பாய் வந்தார். தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். ஏலத்தில்கூட விரலைத்தான் காட்டுவார்.

“ஸ்ரீவித்யாம்மா, ஒரு உதவி. நன்றியுரையக் கொஞ்சம் மேல தூக்கிப் போட முடியுமா?”

நன்றியுரை அவருடையது. கொரோனா வருஷத்தைக் கழித்தால் ஐந்து விழாவாக அவர்தான் சொல்லிவருகிறார். சொல்லிவருகிறார் என்பது ஒரு மரியாதைக்கு. “அடுத்ததாக நன்றியுரை” என்று மைக்கில் வந்ததும் இருநூறு நாற்காலியும் ஒரே நேரத்தில் பின்னால் நகரும். விழா நடப்பது மண்டபத்தின் மாடியில், சாப்பாடு கீழே. முதல் பந்தியில் இடம் பிடிப்பதற்கு எங்கள் வியாபாரிகள் காட்டுகிற சுறுசுறுப்பைக் கடையில் காட்டினால் பட்டுக்கோட்டைக்காரர்கள் இங்கே வந்து சாமான் வாங்குவார்கள். போன தடவை அவர் பேசும்போது இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் போட்டோகிராபர். இன்னொருவர், மைக்கை எடுத்து வைப்பதற்காகக் காத்திருந்த மைக் செட்காரர்.

“நன்றியுரைய யாரு பாய் மேல போடுவாங்க? யாரும் எதுவும் செய்யறதுக்கு முன்னாடியே நன்றி சொல்லுவீங்களா?” என்றேன். எனக்கு அன்றைக்கு மிஷினில் பேப்பர் சிக்கியிருந்தது. நான் பேசுகிற நிலையில் இல்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நான் இந்த வேலையக் கேட்டு வாங்குனதே ஒருத்தருக்கு நன்றி சொல்லத்தான்மா. நீலாம்பாளம்மாவுக்கு.”

நீலாம்பாள் அக்காவைத் தெரியாதவர் எங்கள் கடைத்தெருவில் இல்லை. மெஸ் நடத்துகிறார். சங்க விழாவுக்கு வருஷா வருஷம் சமையல் அவர்தான். அவரும் சந்தா கட்டுகிற உறுப்பினர், ஆனாலும் அழைப்பிதழில் அவர் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. அதைப் போடாதது யார் என்று பார்த்தால் நான்தான்.

“கஜா புயல் அடிச்ச நாலாம் நாளு,” என்றார் யூனுஸ் பாய். “தோப்புல ஒரு மரம் நிக்கல. மண்டி தகரம் எல்லாம் யாரு வீட்டுலயோ கெடக்கு. வீட்டுக்காரி சஃபியாவ அதிராம்பட்டினத்துல மச்சான் வீட்டுல விட்டுட்டு வந்து ரோட்டோரமா உக்காந்து அழுதுகிட்டு இருந்தேன். இந்தம்மா வந்து, ‘பாய், எலை போட்டாச்சு, எந்திரிங்க. சாப்பிட்டு வந்து மீதிய அழுங்க’ன்னுச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

“இதுக்கு நேரா போயி நன்றி சொல்ல வேண்டியதுதானே பாய்?”

“போனேன். நாலு தடவ போனேன். வாயத் தொறந்தாலே, ‘பார்சலா, சாப்பாடா’ங்குது. மைக்குல, ஊருக்கு முன்னாடி சொன்னா நிறுத்த முடியாதுல்ல? அதான். எனக்கும் வயசாகுது. இந்த வருஷமாவது நாலு பேரு காதுல விழுற மாதிரி சொல்லிடணும்.”

அந்தக் கணத்திலிருந்து அது என் வேலையாகிவிட்டது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம். முடியாது என்று முதலில் நான்தான் சொல்லுவேன், பிறகு தூங்க மாட்டேன்.

நன்றியுரையை வரவேற்புரைக்கு அடுத்ததாகப் போட்டு ஒரு பிரதி எடுத்துத் தலைவரிடம் கொண்டுபோனேன். குஞ்சிதபாதம் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். “என்னம்மா இது, நான் பேசறதுக்கு முன்னாடியே என்னை அனுப்பி வைக்கிறீங்க?” என்றார். அவர் தலைமையுரை ஐம்பது நிமிஷம் போகும். அதன் நடுவில் அனுப்பி வைக்கலாம் என்று எனக்கும் தோன்றியதுண்டு.

இரண்டாவது யோசனைதான் பலித்தது. மடலின் மூன்றாம் பக்கத்தில், மின்தடை அறிவிப்புக்கு நேர் கீழே கட்டம் கட்டிப் போட்டேன்: ‘நன்றியுரை முடிந்தவுடன் குலுக்கல். பரிசு ஆறு லிட்டர் குக்கர். அந்த நேரத்தில் நாற்காலியில் இருப்பவர்களுக்கு மட்டும்.’ குக்கர் குஞ்சிதபாதம் கடை அன்பளிப்பு. கடை பெயரை மைக்கில் மூன்று முறை சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். அவர் மூடியோடு கொடுத்தார்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. பதினொன்றரைக்குத் தொடங்கியது. தலைமையுரை நடக்கும்போதே கீழேயிருந்து வத்தக்குழம்பு வாசனை மாடிப்படி ஏறி வந்துவிட்டது. ஒன்றேகாலுக்கு நான் மைக்கைப் பிடித்து, “அடுத்ததாக நன்றியுரை” என்றேன்.

ஒரு நாற்காலி நகரவில்லை. பின்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் எழுந்தார். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். இருநூறு பேர் கையில் குலுக்கல் டோக்கனோடு யூனுஸ் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏதோ தேர்தலில் ஜெயித்தது போலிருந்தது.

யூனுஸ் பாய் வெள்ளைச் சட்டை, புதுக் கைலி, கையில் நாலாக மடித்த காகிதம். மைக்கில் வாயை வைத்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்தார். இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீலாம்பாள் அக்கா மாடியில் இல்லை. எப்படி இருப்பார்? ஒன்றேகால் மணிக்குச் சமையல்காரம்மா அடுப்படியில் இல்லாமல் மேடைக்கு முன்னால் வந்து உட்காருவாரா? இந்த ஐந்து விழாவிலும் கூட்டம் அப்படியே அசையாமல் இருந்திருந்தாலும் அவர் காதில் ஒரு சொல் விழுந்திருக்காது. இது பாய்க்கும் தோன்றவில்லை, படித்த எனக்கும் தோன்றவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

“நீலாம்பாளம்மா கொஞ்சம் மேல வரணும்,” என்றார் பாய் மைக்கில்.

கூட்டத்தில் சலசலப்பு. சாப்பாட்டில் ஏதோ குறை என்று பாதிப் பேர் பயந்தார்கள். குக்கர் யாருக்கு என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட்டார்கள் என மீதிப் பேர் முடிவுகட்டினார்கள். நான் படியில் ஓடினேன்.

அக்கா வாணலிக்கு முன்னால் நின்று அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். “குக்கரு எனக்கா விழுந்துச்சு? அங்கேயே வச்சிருக்கச் சொல்லு. இப்ப வந்தா அப்பளம் கருகிடும்.”

“குக்கர் இல்லக்கா. பாய் உங்ககிட்ட பேசணுமாம்.”

“பேசறவங்க கீழ வரட்டும். அப்பளம் மாடி ஏறாது.”

மேலே போய் அப்படியே சொன்னேன். யூனுஸ் பாய் வயரில்லாத மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவிக்கொண்டு படியிறங்க ஆரம்பித்தார். காகிதத்தை மேடையிலேயே விட்டுவிட்டார். நன்றியுரை முடிந்தபின்தானே குலுக்கல்? அதனால் நன்றியுரை போன திசையில் இருநூறு பேரும் எழுந்து போனார்கள். கீழே இலை வேறு போட்டிருந்தது. நின்று கேட்பானேன் என்று அவரவர் உட்கார்ந்துகொண்டார்கள். குஞ்சிதபாதம் டோக்கன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முதல் இலையில் உட்கார்ந்தார்.

கல்யாணத்தில் நாதஸ்வரம் கேட்பதற்காகச் சாப்பாட்டுக் கூடத்திலும் ஒரு ஸ்பீக்கர் உண்டு. மைக் செட்காரர் ஓடிவந்து அதை அப்போதுதான் போட்டுவிட்டார். யூனுஸ் பாயின் மூச்சு அதில் பெரிதாகக் கேட்டது. அக்கா சாம்பார் வாளியோடு மூன்றாவது வரிசையில் நின்றார்.

“நீலாம்பாளம்மா,” என்றார் பாய்.

“பாய், ஜனம் பசியோட இருக்கு.”

“ரெண்டு நிமிஷம்மா. கஜா முடிஞ்சு நாலாம் நாளு, ரோட்டோரமா உக்காந்திருந்த என்னை எழுப்பிக் கூட்டிட்டுப் போயி சோறு போட்டீங்க. ரோட்டோரம்னுதான் எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். ரோட்டோரம் இல்ல. கெணத்து மேல உக்காந்திருந்தேன். எதுக்குன்னு உங்களுக்கும் தெரியும். நீங்க கேக்கல. எலை போட்டாச்சுன்னு மட்டும் சொன்னீங்க. இன்னிக்கு எனக்கு ரெண்டு பேரன் இருக்கான். அதுக்கு நன்றி. அவ்வளவுதாம்மா.”

என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு சொன்ன கதையில் இந்தக் கிணறு இல்லை. பந்தியில் யாரும் இலையைத் தொடவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்தவர் எடுத்தபடி இருந்தார்.

நீலாம்பாள் அக்கா வாளியைத் தரையில் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். யூனுஸ் பாய் மைக்கை இறக்க மறந்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தார். அதனால் அக்கா அவருக்கு மட்டும் என்று மெதுவாகச் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

“எனக்கு எதுக்கு பாய் நன்றி? அன்னிக்கு என் மெஸ்ஸும்தான் கூரை இல்லாமப் போச்சு. ஒரு குண்டான் சோறு வடிச்சிட்டு, இனிமே இது யாருக்குன்னு நானும் அந்தக் கெணத்துக்குத்தான் வந்தேன். அங்க நீங்க உக்காந்திருந்தீங்க. சரி, ஒரு எலைக்கு ஆள் இருக்குன்னு திரும்பிட்டேன்.”

அக்கா பாய் கையில் இருந்த மைக்கை அப்போதுதான் கவனித்தார்.

“இது ஓடிக்கிட்டா இருக்கு?” என்று பந்தியைப் பார்த்துக் கேட்டார்.

ஆமாம் என்று இருநூறு பேரும் தலையாட்டினோம்.