‘பி’ குப்பியின் மகிமை

திங்கட்கிழமை காலை இனேஸ் குளிர்பெட்டியைத் திறந்து குப்பிகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. மூன்று வாரமாக இதே கதை.

பாஸ்டனில் ஓர் இதய ஆராய்ச்சிக் கட்டடத்தின் நான்காம் மாடியில், கிழட்டு எலிகளுக்கு ஊசி போடுவது அவள் வேலை. பாதி எலிகளுக்கு, செல்லுக்குள் சக்தி சமைக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் பெப்டைடு என்ற புது மருந்து. மீதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். எது எதுவென்று அங்கே யாருக்கும் தெரியாது. குப்பியில் ‘ஏ’ அல்லது ‘பி’, அவ்வளவுதான். விடை, ஆய்வுத் தலைவரின் அலமாரியில் சீல் வைத்த உறைக்குள் தூங்குகிறது.

குறைவது எப்போதும் ‘பி’.

இனேஸ் எல்லோரையும் சந்தேகப்பட்டாள். திடீரென்று முடி கறுத்துவிட்ட தலைவரை, புதிதாகச் சைக்கிளில் வரும் மாணவியை, ஒரு பலவீனமான கணத்தில் எலிகளையே. கணவன் வைக்கும் சூப்பையும் இரண்டு முறை முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பவள் அவள்.

டெஸ்மண்டை மட்டும் விட்டுவிட்டாள். இருபத்திரண்டு வருடமாகக் கூண்டு கழுவுகிறவர். வயது அறுபத்தாறு, இதயம் பலவீனம். அன்று அவர் கையில் டோனட்டோடு படியேறி வந்தார்.

"லிஃப்ட் என்ன ஆச்சு?"

"அது கிழவங்களுக்கும்மா. நாலு மாடி, ஒரே மூச்சு!"

"அந்த மூச்சு இன்னும் மேல வந்து சேரலையே. உக்காருங்க முதல்ல."

உட்கார்ந்தார். அவிழ்ந்து கிடந்த ஷூ நாடாவை அவள் பார்த்தாள். கணுக்கால் பிசைந்து வைத்த மாவு போல உப்பியிருந்தது.

"இதய மாத்திரை போடறீங்களா?"

அவர் டோனட்டிடம் ஆலோசனை கேட்பதுபோல அதையே பார்த்தார்.

"டெஸ்மண்ட்!"

"விட்டு மூணு வாரமாச்சு. ‘பி’ எலிங்க சக்கரத்துல என்னமா ஓடுதுங்க, பாத்தியா? அதுங்களும் கெழடு, நானும் கெழடு. எனக்கு ஒரு சொட்டு கூடாதா?"

இனேஸ் திட்டவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். உறையைத் திறந்தால் இரண்டு வருட ஆய்வு குப்பைக்குப் போகும்; திறக்காவிட்டால் அவர் உடம்புக்குள் போனது என்னவென்று மருத்துவருக்குத் தெரியாது. தலைவர் பெருமூச்சு விட்டார், உறையைக் கிழித்தார்.

இரண்டு நாள் கழித்து, மருத்துவமனைக் கட்டிலில் டெஸ்மண்டின் கால் வீக்கம் வற்றியிருந்தது.

"‘பி’ உப்புத்தண்ணி," என்றாள் இனேஸ்.

"அப்ப எலிங்க ஓடினது?"

"அந்தக் கூண்டுங்களுக்கு மட்டும் யாரோ சூரியகாந்தி விதை போட்டிருக்காங்க."

"செல்லமா இருந்துதுங்க..." அவர் குரல் இறங்கியது. "அப்ப நான் நாலு மாடி ஏறினது?"

"ஆசையில ஏறினீங்க. வீங்கினது மட்டும் நிஜம்."

நர்ஸ் மாத்திரை கொடுத்தார். டெஸ்மண்ட் விழுங்கினார். இனேஸ் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்த பிறகே நம்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதற்கு ஆஸ்பத்திரி மருந்து வாடைதான் காரணம் என்றாள்.

"அந்தப் பெப்டைடு ஒருநாள் நல்ல மருந்தாவே வரலாம், டெஸ்மண்ட். ஆனா எலிக்கே இன்னும் பதில் கிடைக்காத ஊசியை நம்பி, மனுஷங்களைக் காப்பாத்திக்கிட்டிருக்கிற மாத்திரையை விடலாமா? நான் ஊரையே சந்தேகப்படறவ. நீங்க அந்த ஒரு குப்பியையாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா?"