ருபார்ப் பாத்திக்குள் பதினாறு கம்பிகள்

உரிமம் இல்லாமல் ஒலிபரப்ப நார்பர்ட் ஜாஸ்ட்ரோவுக்குச் சட்டம் கொடுத்திருந்தது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம், பத்தடி உயரத்துக்குள் ஒரு கம்பம். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அந்த விஸ்கான்சின் சிற்றூருக்குச் சனிக்கிழமை காலைதோறும் தன் கார் கொட்டகையிலிருந்து போல்கா நடன இசை ஒலிபரப்பினார். மூன்று ஆண்டுகளாக ஒலி ரயில் பாதை வரை போய் அங்கேயே படுத்துக்கொண்டது. பாதைக்கு அந்தப் பக்கம், தீவனக் கடையில் கல்லா பார்க்கிறாள் அவர் மனைவி டெல்பின். வாரம் தவறாமல் அவளுக்கென்று ஒரு பாட்டுப் போடுவார். அவள் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

கூடுதல் மின்சாரம் ஊற்றச் சட்டம் விடாது. இருப்பதில் ஒழுகுவதை அடைக்கத்தான் முடியும். ஒலிபரப்புப் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் தொட்டால் சுடுவதை வெகுநாள் பெருமையாக நினைத்திருந்தார் மனிதர். அந்தச் சூடு அத்தனையும் ஆகாயத்துக்குப் போகவேண்டிய மின்சாரம் என்று தாமதமாகத்தான் உறைத்தது. மின்சுற்றை மாற்றிக் கட்டினார். விரல் வைத்தால் குளுகுளுவென்றிருந்தது. கம்பத்தடிச் சுருளைத் தடித்த கம்பியில் மறுபடி சுற்றினார். மிச்சம், மண்ணில் தொலைவது. அதைத் தடுக்கக் கம்பத்தைச் சுற்றிப் பதினாறு செப்புக் கம்பிகள் புதைக்க வேண்டும். அங்கே இருப்பதோ, கேக்குக்காக டெல்பின் புளிப்புத் தண்டு வளர்க்கும் ருபார்ப் பாத்தி.

"என் செடி வேர்ல மண்வெட்டி பட்டுச்சு, உன்னையும் சேத்துப் புதைச்சிடுவேன்."

"உனக்காகத்தான்டி கேக்கறேன். உன் பாட்டு உன் காதுல விழ வேணாமா?"

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல," என்றாள். ஆனால் ஞாயிறன்று மண்டியிட்டு உட்கார்ந்து, வேருக்கு வேர் விலக்கி, பதினாறு கம்பியையும் புதைத்தது அவள்தான். அவரை எட்ட நிற்க வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ரேடியோவை அவள் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பினார். மைக்கின் முன் உட்கார்ந்தார். நாக்கு மூன்று வருஷப் பழக்கத்தில் தானாக ஓடியது.

"இந்தப் பாட்டு என் டெல்பினுக்கு. நேத்து மறுபடி ருபார்ப் கேக் சுட்டா. சாக்பீஸுல எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி இருந்துச்சு. நாய்கூட மோந்துட்டுப் போயிடுச்சு, நான்தான் முழுசா தின்னேன். நாப்பது வருஷமா திங்கறேன். எதிர்ல அவ உக்காந்திருந்தா சாக்பீஸும் இனிக்குது."

இசைத்தட்டைச் சுழலவிட்டார். பாதி ஓடவில்லை, தொலைபேசி அடித்தது.

"யோவ் நார்பர்ட்டு." டெல்பின்தான். பின்னால் கடையே சிரித்துக்கொண்டிருந்தது. "சாக்பீஸா?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு கணம்தான்.

"கேட்டுச்சா?" என்று கத்தினார். "கரகரப்பு இல்லாம கேட்டுச்சா?"

"ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு. மூணு வருஷமா இதைத்தான் ஊருக்குச் சொல்லிட்டிருந்தியா?"

"இதைத்தான்."



"அந்தக் கடைசி வரி," என்றாள் டெல்பின், குரலைத் தாழ்த்தி. "இன்னொரு தரம் சொல்லு. போன்ல இல்ல, ரேடியோவுல. சத்தத்தைக் கூட்டி வச்சிருக்கேன்."