எபி ஏற வேண்டிய மேடு

1

சரியாகத்தான் நினைவிருக்கிறதா, தெரியவில்லை. பொழிச்சலூரில் ஒரு தேவாலயம், புத்தாண்டுக் காலை ஆராதனை. தட்டில் வாக்குத்தத்த அட்டைகள், அந்த வருடத்துக்குக் கடவுள் தரும் வாக்காக ஒவ்வொன்றிலும் ஒரு பைபிள் வசனம்; வீட்டில் ஆளுக்கு ஒன்று. ஒரு அம்மா, ராணுவத்தில் இருக்கும் மகனுக்காக ஒன்றை எடுத்தார். படித்தார். சத்தமில்லாமல் தட்டிலேயே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். கிடைத்த வசனத்தை யாரும் மாற்றுவதில்லை. மாற்றியது அவர்தானா, பக்கத்தில் நின்றவரா? (அவராகவே இருக்கட்டும். பெயர் ரத்தினபாய்.)

இது அந்த மகனுடைய கதை.

2

பனி மூடிய சிகரத்தில் மரணம் காத்திருந்தபோது — [வேண்டாம். மரணம் எங்கும் காத்திருப்பதில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது.]

லெப்டினன்ட் எபி மேட்டின் அடியில் படுத்திருந்தான். மேலே எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள். ஏற ஒரே சரிவு. ஒதுங்க ஒரு பாறைகூட இல்லை. பீரங்கி உதவி வராது. இருந்தும் விடிந்ததும் ஏறச் சொல்லி வயர்லெஸ்ஸில் உத்தரவு.

"இன்னா சார் இது, மேல போனா அவ்ளோதான்," என்றார் ஹவில்தார் ஏசுபாதம், பெரும்பாக்கத்துக்காரர்.

"தெரியும்ணா. நீங்க என் பின்னாடி வாங்க."

"ஒங்க முதுவப் பாத்துகினே சாவணுமா? பேஜாரு சார்."

எபி சிரித்துவிட்டான். அவன் சிரிப்பான் என்று நான் நினைக்கவில்லை. அதுவரை அவனைக் கொன்றுவிடும் தைரியம் எனக்கு இருந்தது.

3

முதல் முடிவு: ஏறினான், அவன் பெயரில் ஒரு தெரு. [அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: உத்தரவு ரத்து. [ரத்தினபாய் செய்ததைத்தான் நானும் செய்கிறேன். ஆனால் அவர் திரும்ப வைத்த அட்டையை அடுத்தவர் எடுத்திருப்பாரே.]

எபிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வயர்லெஸ்ஸை எடுத்தான்.

"ஏற மாட்டோம் சார். வேற யாரையும் அனுப்பாதீங்க."

மறுமுனையிலிருந்து வந்த பதிலை எழுத எனக்குத் தெரியாது. உங்களால் முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

4

அப்புறம் நடந்தது இவ்வளவுதான்.

ராணுவ நீதிமன்றம் எபியைப் பதவிநீக்கம் செய்தது. பெருங்களத்தூரில் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத் தருகிறான், தோற்றால் திட்டுவதில்லை. ஏசுபாதம் ஓய்வு பெற்றுவிட்டார். ஞாயிறு மதியங்களில் எபி வீட்டில்தான் சாப்பாடு. ரத்தினபாய் மகனிடம் எதையும் கேட்கவில்லை, இன்னொரு கரண்டி குழம்பு வேண்டுமா என்பதைத் தவிர.

அந்த மேட்டில் வேறொரு படை ஏறியது. அவர்களில் யாருக்கும் நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அவர்களுடைய அம்மாக்களும் வந்துவிடுவார்கள்.