நடுவீட்டு ஸ்பீக்கர்

எங்கள் கட்டடத்தில் பாட்டுப் போட்டால் கனமான ஒலிகள் கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். மெல்லிய ஒலிகள் மேல்வீட்டுக்கு ஏறிவிடும். நடுவில் குடியிருக்கும் எனக்கும் என் மனைவி மங்களாவுக்கும் பாடுகிறவரின் குரல் மட்டும் மிஞ்சும். எங்களுக்கு அது போதும்.

கீழ்வீட்டுச் செண்பகவல்லி, மிருதங்கம் இறங்குகிற இடம் பார்த்து இட்லி மாவுப் பானையை வைப்பார். மாவு அதில்தான் பொங்கும். மேல்வீட்டுக் கோதண்டத்தின் சுவர்க் கடிகாரம் ஜால்ராவில் ஓடும். அவர் வீட்டில் பேட்டரி வாங்கியதே இல்லை.

திங்கட்கிழமை காலை என் பழைய டேப் ரெக்கார்டர் நின்றுபோனது. மடிக்கணினியில் பாட்டுக் கேட்கத் தொடங்கினேன். தீப்பெட்டிக்குள் உட்கார்ந்து பாடுவது போன்ற ஒலி. அதிலிருந்து இறங்குவதற்கும் ஒன்றுமில்லை, ஏறுவதற்கும் ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை செண்பகவல்லி மாவுப் பானையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அரைத்து வைத்த மாவு அப்படியே கிடந்தது.

“ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் கல்லு மாதிரி இட்லி வைக்கச் சொல்றீங்களா?” என்று கேட்டார்.

மாப்பிள்ளை வீடு என்பது மேல்வீடுதான். மாப்பிள்ளையின் அப்பாவான கோதண்டமும் அப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“எங்க வீட்ல திங்கட்கிழமை ஒம்பதரை மணியிலயே நிக்குது சார். மத்தியானம் ஆனாத்தான் சோறுங்கறா எங்க வீட்டம்மா. வெறும் காபியாக் குடிச்சுக்கிட்டிருக்கேன். இப்படியே போனா எங்களுக்கு ஞாயித்துக்கிழமை வரவே வராது.”

“அப்போ என் பொண்ணு மணையில தனியா உக்காரணுமா சம்பந்தி?” என்றார் செண்பகவல்லி.

ஸ்பீக்கர் வாங்குவது நடுவீட்டின் பொறுப்பு. மறுநாள் நான் மடிக்கணினியை எடுத்துக்கொண்டேன். செண்பகவல்லி ஒரு டம்ளர் மாவு எடுத்துக்கொண்டார். கோதண்டம் கடிகாரத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். மூவரும் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் நசீர் பாய் டம்ளரைத் தரையில் வைத்தார். கடிகாரத்தைக் கூரையிலிருந்த கொக்கியில் மாட்டினார். கொக்கி நன்றாகத் தேய்ந்திருந்தது.

முதலில் ஹெட்போன் காட்டினார். “ஒரு சொட்டு ஒலி வெளியே போகாது சார்.”

“அப்போ இவர் தலைதான் புளிக்கும். என் மாவு புளிக்காது” என்றார் செண்பகவல்லி. ஹெட்போன் பெட்டிக்குள் திரும்பியது.

அடுத்தது உருண்டையான புளூடூத் ஸ்பீக்கர். வயர் இல்லாததால் மிருதங்கத்துக்கு வழி தெரியவில்லை. அது எதிரேயிருந்த பேக்கரிக்குள் போய்விட்டது. அங்கே பன்கள் எல்லாம் உப்பின. பேக்கரிக்காரர் வெளியே வந்து நசீர் பாய்க்குக் கையாட்டிவிட்டு உள்ளே போனார்.

மூன்றாவது, நீளமான சவுண்ட் பார். அதில் ஜால்ரா தூக்கல். முள் விறுவிறுவென்று நகர்ந்து பன்னிரண்டைத் தொட்டதும் கோதண்டம் பையிலிருந்த தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து நின்றபடியே சாப்பிட்டார். கை கழுவி வருவதற்குள் கடிகாரத்தில் இரவாகிவிட்டது. அவர் கொட்டாவி விட்டார். டம்ளரில் மாவு அசையவில்லை.

“இதையே வாங்கிடலாமே” என்றார் கோதண்டம்.

“உங்க வயிறு ரொம்பிடுச்சு. விருந்துக்கு வர்றவங்க வயிறு?” என்று கேட்டார் செண்பகவல்லி.

கோதண்டம் பொட்டலக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியாக இரண்டு சின்னப் பெட்டிகளும் ஒரு சப்வூஃபரும் வந்தன. “சின்னது ரெண்டும் மேல் வீட்டப் பாத்துக்கும். பெரிசு கீழ் வீட்டப் பாத்துக்கும்” என்ற நசீர் பாய், “கீழ் வீட்டுக்கும் கீழே யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.

“தண்ணித் தொட்டிதான் இருக்கு.”

“அப்போ இந்த அளவு போதும். இதைவிடப் பெரிசுன்னா தொட்டி பொங்கும்.”

பாட்டுப் போட்டார். மாவு டம்ளரின் விளிம்புவரை வந்து நின்றது. கடிகாரம் நிதானமாக ஓடியது. குரல் ஏறாமலும் இறங்காமலும் என் முகத்துக்கு நேரே நின்றது. வாங்கிக்கொண்டு வந்தோம்.

மேல்வீட்டில் இன்னும் திங்கட்கிழமை இரவுதான். அதனால் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து வேகமான பஜனைப் பாட்டுகளாகவே போட்டேன். மேலேயிருந்து சாம்பார் வாசனை அடுத்தடுத்து வந்துகொண்டேயிருந்தது. மாலையில் கோதண்டம் எட்டிப்பார்த்து, “வெள்ளிக்கிழமை வந்தாச்சு சார். இன்னும் ஒரு அழுத்து அழுத்துங்க” என்றார். அவருடைய தொப்பை சற்று வளர்ந்திருந்தது. கீழே பானைகள் நிரம்பிவிட்டதால் செண்பகவல்லி எங்கள் வாளியையும் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மூன்று வீடுகளிலும் ஞாயிற்றுக்கிழமை.

மாவு நாள் முழுக்கப் பொங்கியிருந்ததால் இட்லிகள் மிகவும் மென்மையாக வந்தன. எங்கள் கட்டடத்தில் மெல்லியவை ஏறும். கீழ்வீட்டில் இட்லிப் பானையைத் திறந்ததும் அவை மிருதங்கம் இறங்கிய வழியாகவே வரிசையாக மேலே வந்தன. மாப்பிள்ளை வீட்டுத் தாம்பூலத் தட்டு வெள்ளி, நல்ல கனம். அது மேலேயிருந்து இறங்கி வந்தது. இரண்டும் எங்கள் கூடத்தில் எதிர்ப்பட்டன. பெண்ணையும் மாப்பிள்ளையையும் அங்கேயே மணையில் உட்காரவைத்து, பெரியவர்கள் நல்ல நேரத்தில் தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

மங்களா ஒரு தட்டை நீட்டினாள். நான்கு இட்லிகள் அதில் நின்றன. மற்றவை மேல்வீட்டுப் பந்திக்குப் போயின.

சட்னி கெட்டியானது, ஏறாது. நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.