கை நனைக்காத விருந்தாளி

ஆமாம் என்று ஒரு சொல் போட்டு அனுப்பினால் முடிந்தது, அதற்குப் போய் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன இந்தத் திருட்டு முழி, பக்கத்து சீட்டு அம்மா வேறு எட்டி எட்டிப் பார்க்கிறாள், பார்த்துவிட்டுப் போகட்டும், இங்கிலீஷ்தானே... பாண்டிச்செல்வி ரிவ்காவின் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள். டொராண்டோவில் யூதப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் டீச்சர், இருபத்தாறு வயது, வெளிநாட்டுப் பள்ளிகளைத் தெரிந்துகொள்ள உதவித்தொகையில் கிளம்பிய நான்கு இளம் ஆசிரியர்களில் ஒருத்தி, போன நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் மதுரையில் பாண்டிச்செல்வி பாடம் எடுக்கும் ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டிருந்தவள். அந்த நால்வரும் ஞாயிற்றுக்கிழமை தங்கள் ஊர்க்காரர்கள் முன்னால் அனுபவத்தை வாசிக்கப் போகிறார்களாம். செல்வி அக்கா, உங்கள் பெயரைச் சொல்லலாமா, இன்றைக்கே பதில் போடுங்கள், இன்று வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்தால் எங்கள் ஓய்வுநாள், நான் போனைத் தொட மாட்டேன், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே... தெரியும், எல்லாம் தெரியும், தெரிந்துதானே அப்படிச் செய்தது.

தெரியாது என்று சொல்ல முடியுமா, வந்த முதல் வாரமே ரிவ்கா விவரமாகச் சொன்னாள், எங்கள் முறைப்படி அறுக்காத கறி கூடாது, அந்தக் கறி வெந்த சட்டியில் எதை வேக வைத்தாலும் எனக்கு ஆகாது, அதனால் அறையிலேயே சமைத்துக்கொள்கிறேன் என்று. ஓ அப்படியா என்று பெரிய மனுஷியாய்த் தலையாட்டிவிட்டு, டிசம்பரில் வலியப் போய் எங்கள் ஊருக்கு வாங்க, அம்மாவைப் பாருங்க என்று கூப்பிட்டது யார்? பழம் மட்டும் சாப்பிடுகிறேன் அக்கா என்று அவள் அப்போதே சொன்னாளே, அதை அம்மாவிடம் சொன்னால் என்ன? சொல்லத்தான் போனது, போனை எடுத்து அம்மா என்றதுமே முனியாயி, ஏத்தா வெள்ளக்கார டீச்சருக்கு நாட்டுக்கோழி பிடிக்குமா, என்று பூரித்துப் போய்க் கேட்டாள், அவங்க நம்ம வீட்டுல சாப்பிட மாட்டாங்கம்மா என்கிற அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. நம்ம வீட்டில் சாப்பிட மாட்டார்கள்... அந்த வார்த்தையைக் கேட்டே வளர்ந்த பொம்பளை, டீக்கடைக்கு வெளியே நின்று, வீட்டிலிருந்து கொண்டுபோன சிரட்டையில் டீயை வாங்கிக் குடித்தவள், அவளிடம் மகளே அதைச் சொல்வதா? சொல்லாமல் விட்டதில் வந்த வினை, ஊருக்குப் போன அன்றைக்கு அடுக்களையெல்லாம் கோழி மணக்க, ரிவ்கா தன் பையைத் திறந்து ஒரு தட்டை எடுத்தாள், சின்னக் கத்தி ஒன்று, தட்டில் கொய்யாப்பழத்தை நறுக்கி வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக, சாரிம்மா என்று தமிழும் இங்கிலீஷுமாக ஏதோ சொன்னாள். எங்கள் வீட்டுக்கு வந்து தன் தட்டை எடுத்து வைக்கிறாள்! உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. காரணம் தெரியும், தெரிந்து என்ன செய்ய, காரணம் புத்தியில் இருந்தது, கோபம் வயிற்றில் இருந்தது. முனியாயி கரண்டியோடு நின்றவள் மகளைப் பார்த்தாள். "கோழி வேணாம்னா ஒரு முட்டையாச்சும் அவிச்சுத் தரவாத்தா?" "அவங்களுக்கு வயிறு சரியில்லம்மா, விடு." அம்மா கொடுத்த சொம்புத் தண்ணீரை ரிவ்கா வாங்கி, அண்ணாந்துகூடக் குடிக்காமல் வாய் வைத்து, முழுசாகக் குடித்தாள், இன்னொரு சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தாள், அது ஏன் அன்றைக்குக் கண்ணில் படவே இல்லை?

கண்ணில் பட்டிருந்தால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அப்படிப் பேசியிருக்க மாட்டாளோ, யார் கண்டது, பேசினாலும் பேசியிருப்பாள். பொங்கலுக்கு ரிவ்காவைக் கூப்பிடலாம் என்று இருக்கிறேன் என்று கனகலட்சுமி டீச்சர்தான் ஆரம்பித்தது. "எதுக்கு டீச்சர் வீண் வேல, அவுக யாரு வீட்டுலயும் கை நனைக்க மாட்டாக. கூப்புட்டா நமக்குத்தேன் அசிங்கம்." அம்புட்டுத்தான் பாண்டிச்செல்வி சொன்னது. அதன் பிறகு அவளை யாரும் கூப்பிடவில்லை. மதியச் சாப்பாட்டில் ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து நடுவில் வைத்துப் பங்கு போட்டு உண்ணுகிற மேஜையில், ரிவ்கா உட்காரும் மூலை மெல்ல மெல்லத் தனி மூலையாகிவிட்டது. நாலு மாதம் ஒரு பெண் சுவரைப் பார்த்துத் தின்றாள். பாண்டிச்செல்வி அதைப் பார்த்தாள், பார்த்து... மனசு குளிர்ந்ததா? குளிர்ந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் குளிர்ந்தது.

அந்தப் பெண் எழுதியிருப்பதைப் பாரடி சண்டாளி, எப்படி எழுதியிருக்கிறாள். ஆரம்பத்தில் எல்லோரும் வீட்டுக்கு அழைத்தார்கள், ஒவ்வொருவரிடமும் மறுத்து மறுத்து எனக்கே கூச்சமாகிவிட்டது, டிசம்பருக்குப் பிறகு யாரும் அழைத்து என்னைச் சங்கடப்படுத்தவில்லை, செல்வி அக்காதான் எல்லோரிடமும் எடுத்துச் சொன்னார் என்று கனகலட்சுமி டீச்சர் சொன்னார், மற்றவரின் நியமத்தை மதிப்பது எப்படி என்று நான் மதுரையில் இவரிடம்தான் கற்றேன், என் மாணவர்களுக்கு இதைத்தான் கற்றுக்கொடுக்கப் போகிறேன்... ஐயோ, இதையா கற்றுக்கொடுக்கப் போகிறாய்? ரிவ்கா, அது மரியாதை இல்லை, என்று தட்டினாள், அழித்தாள். உன்னை நான்தான் ஒதுக்கி வைத்தேன், என்று தட்டினாள், அதையும் அழித்தாள். சொல்லி என்ன ஆகப் போகிறது, அந்தப் பிள்ளை மனசு நொறுங்கிப் போகும், ஆறு மாதமும் கசந்து போகும், தெரியாமல் சந்தோஷமாக இருப்பவளை எதற்குக் கலைக்க வேண்டும், மன்னிப்புக் கேட்பதுகூடச் சுயநலம்தானே, அப்படித்தானே... "காளவாசல், காளவாசல்! என்னக்கா, எறங்கலையா?" கண்டக்டர் அதட்டியதும் அவசரமாக இறங்கினாள், சிக்னலில் நிற்கிற வண்டிகளின் புகைக்குள் ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவள் மனசு நொறுங்கும் என்பதெல்லாம் சும்மா. முன்பின் தெரியாத ஒரு கூடத்தில், நூறு பேர் காது கொடுத்துக் கேட்க, ஒருத்தி எழுந்து பாண்டிச்செல்வி என்று மதிப்பாகச் சொல்லப் போகிறாள், அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அதுதான் விஷயம். டொராண்டோவில் பொழுது சாய இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று போனில் தேடிக்கொண்டே நின்றாள்.